மலைபடுகடாம் காட்டும் மலைவழிப் பயணம்

பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும் காலத்தில், தமிழ்ப் பள்ளி மாணவர்க்குத் தவறாமல் தரப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று மலைச் சுற்றுலா. மலேசிய மாணவர் பெரும்பாலும் கேமரன் மலையைப் பற்றியே எழுதுவர். கதிரவன் கீழ்வானில் செங்கதிர் பரப்புகிறான், பேருந்து புறப்படுகிறது, மலையன்னை பச்சைப் பட்டாடை உடுத்தி நிற்கிறாள், மாலையில் அனைவரும் மனநிறைவோடு இல்லம் திரும்புகின்றனர். நூறு மாணவர் எழுதினும் மலை ஒன்றாகவே இருக்கிறது. அதில் வளைவும் இல்லை, வழுக்கலும் இல்லை, மனிதரும் இல்லை. இக்கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எழுத்துப் பிழையைக் காண்கிறார். வாக்கியப் பிழையைக் காண்கிறார். மலையே காணாமற்போன பெரும்பிழையைச் சுட்டுவது அரிதாகவே நிகழ்கிறது.

இக்குறைக்கு மாணவரை நோவதில் பயனில்லை. பயணத்தை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிச் சொல்வது என்பதற்கு அவர்கள் முன் வைக்கப்படும் முன்மாதிரிகள் அத்தகையவை. ஆயின், தமிழில் நல்ல முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. மலைவழிச் செல்ல எண்ணுவார்க்கு, முன்னரே சென்று வந்த ஒருவன், உடன்பிறந்தான் போல் அருகிருந்து வழி சொல்லும் நெடும்பாட்டு ஒன்று சங்க இலக்கியத்திலேயே உண்டு. அது பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம்.

பாட்டும் பாடப்பட்டோனும்

583 அடிகளைக் கொண்ட இப்பாட்டு, பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளமுடையது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள செங்கம் ஆகும். நவிரமலையும் சேயாறும் இப்பாட்டின் நிலத்தை உருவாக்குகின்றன. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இப்பாட்டு கற்றோர் கைக்கு எளிதாக வந்தது.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றான் ஒருவன், பெறாதான் ஒருவனை வழியிடைக் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அவனையும் அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது. பத்துப்பாட்டுள் ஐந்து பாடல்கள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை தெய்வத்தின் பெயரால் அமைந்தது. பொருநர், சிறுபாணர், பெரும்பாணர் ஆகியோரை ஆற்றுப்படுத்தும் மூன்றும் அவ்வவர் பெயராலேயே வழங்குகின்றன. இவ்வைந்தாம் பாட்டுக்கும் கூத்தராற்றுப்படை என்றொரு பெயர் உண்டு. ஆயினும் நிலைத்த பெயர் அதுவன்று. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அவ்யானையின் மதநீராகவும் உருவகம் செய்த தொடரே பாட்டின் பெயராயிற்று. கொடுத்தவன் பெயரும் கொண்டவன் பெயரும் பின்னிற்க, நடுவில் கிடந்த மலை முன்வந்து நின்றது. பெயரிட்டவர் யாராயினும், இப்பாட்டின் உயிர் எங்கே உள்ளது என்பதை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

வகுப்பறைகளில் இப்பாட்டு, வள்ளலைப் புகழ்ந்து பொருள் பெறும் பாட்டு என்ற அளவில் சொல்லி முடிக்கப்படுகிறது. நன்னன் கொடைத்திறன் யாது, அவன் நாட்டு வளம் யாது என்று வினாக்கள் அமைகின்றன. இவை பிழையான வினாக்கள் அல்ல, போதாத வினாக்கள். நன்னனைக் காணும்முன் பாட்டின் பெரும்பகுதி வழியிலேயே கழிகிறது என்பதை நினைவிற்கொண்டால், புலவர் கருத்து எதன்மேல் நின்றது என்பது புலனாகும்.

புறப்படுமுன் ஒரு திட்டம்

பாட்டின் தொடக்கத்தில் கூத்தர் கூட்டம் ஒன்று வருகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து வருகின்றனர். அம்மூட்டைகள் காய்த்துத் தொங்கும் பலாக்குலைபோல் தோன்றுகின்றனவாம். யாழ் உண்டு, விறலியர் உண்டு, சிறுவரும் உண்டு. இவர்களை எதிர்ப்பட்ட கூத்தன், தாங்கள் நன்னனிடம் சென்று பெற்றதைச் சொல்லி, நீங்களும் செல்லுக என்கிறான்.

அடுத்து அவன் செய்வது கருதத்தக்கது. உடனே வழிகூறத் தொடங்கவில்லை. எவ்வெவற்றைச் சொல்லப் போகிறான் என்பதை முதலில் நிரல்பட வகுத்துக் கொள்கிறான். வழி எப்படிப்பட்டது, தங்குமிடம் எது, உணவு எங்கே கிட்டும், மலையும் காடும் எத்தகையன, அங்குள்ள விலங்குகள் எவை, நன்னனின் புகழும் கொடையும் அவையும் யாவை, நவிரமலைக் கடவுள் யார், சேயாறு எப்படி ஓடும், மூதூர் எப்படியிருக்கும் என்று தலைப்புகளை அடுக்கி, இவற்றைக் கேள் என்கிறான். இன்று இரு நண்பர் மலைநாட்டுக்கு மகிழுந்தில் செல்லத் திட்டமிட்டு, மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசும் பேச்சுக்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை. கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் எழுதுக என்று ஆசிரியர் மாணவர்க்குக் கூறுகின்றாரே, அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இடரைச் சொல்லும் நேர்மை

மலைபடுகடாத்தின் தனிச்சிறப்பு, அது வழியின் இடர்களை மறைக்காமற் சொல்வது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காகக் குறவர் நுழைவழிதோறும் கற்பொறி அமைத்திருப்பர். ஆதலின் இருளில் நடவாதீர், பொழுது புலரும்வரை தங்கிச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். பலர் நடமாடாத வழியில் செல்ல நேர்ந்தால், பரற்கல் நிறைந்த பிளவுகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகள் உண்டு. விறலியர் கைதொழுது வாழ்த்த, சற்றே விலகி வலப்பக்கமாகச் செல்லுங்கள் என்கிறான். புனத்தில் மேயும் யானையை ஓட்டக் குறவர் எறியும் கவண்கல் மூங்கிலை ஊடுருவி வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறான்.

நீர்த்துறையும் அச்சமற்றதன்று. யானையையும் இழுத்து மறைக்கவல்ல முதலை ஒடுங்கியிருக்கும் ஆழ்ந்த கயங்கள் உண்டு. அங்கே கரை வழுக்கும். படர்ந்த பருங்கொடிகளைப் பற்றிக்கொண்டு, சிறுவரோடு, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடக்க வேண்டும். நுண்ணிய பாசி படிந்து காலை நிலைகுலையச் செய்யும் இடங்களும் உண்டு. அங்கே நெருங்கி வளர்ந்த சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றி நடக்க வேண்டும். வீழ்ந்து கிடக்கும் மரம் என எண்ணி மலைப்பாம்பை மிதித்துவிடக் கூடாது.

இவ்வாறு சொல்லிக்கொண்டே போவதால் கேட்பவன் அஞ்சித் திரும்பிவிட மாட்டானா என்று ஒருவர் வினவலாம். புலவர் நுட்பம் இங்கேதான் உள்ளது. இடர் எதுவும் தனித்து நிற்கவில்லை. ஒவ்வோர் இடரை அடுத்தும் அதனைக் கடக்கும் வழி வருகிறது. பொறி உண்டு என்பதோடு விடியும்வரை பொறு என்பதும் வருகிறது. வழுக்கும் என்பதோடு எதைப் பற்றுவது என்பதும் வருகிறது. அச்சம் ஊட்டுவது வேறு, எச்சரிப்பது வேறு. அச்சம் ஊட்டுபவன் இடரோடு நிறுத்திக்கொள்வான். எச்சரிப்பவன் கேட்பவன் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று எண்ணுகிறான்.

மற்றொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. இக்கூத்தன் பரிசில் பெற்றவன். பெற்றவன் கொடுத்தவனைப் புகழ்வது இயல்பே. அப்புகழை எவ்வளவு நம்புவது என்ற ஐயம் எழுவதும் இயல்பே. மலைவழியின் பொறிகளையும் பாம்பையும் பாசியையும் ஒளிக்காமற் சொன்ன ஒருவன், இறுதியில் நன்னன் முகமலர்ந்து ஏற்பான் என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு நம்பகம் பிறக்கிறது. வழியில் பொய் சொல்லாதவன் வாயிலிலும் பொய் சொல்லான் என்று கேட்பவன் மனம் தேறுகிறது. பாட்டின் முற்பகுதி பிற்பகுதிக்குச் சான்றாக நிற்கும் இவ்வமைப்பைக் காணாது, கொடைப்பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கற்பிப்பது, கூரையைக் காட்டித் தூணை மறைப்பதாகும்.

அழகும் அளவும்

இடர் கூறிய புலவர் அழகை மறந்தாரல்லர். ஆனால் அவர் அழகை வருணிக்கும் முறை வேறு. மலையைக் கண்ணால் காட்டுவதைவிடக் காதால் காட்டுகிறார். மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பகுதி பாட்டின் நடுவே அமைந்துள்ளது. அருவியின் ஆரவாரம், குரங்கும் ஏறமாட்டாத உயர்ந்த வரையில் கண்ணேணி வழியே ஏறித் தேன் கொள்வோர் எழுப்பும் ஒலி, கிளி கடிவோர் தட்டை ஒலி, கரும்பாலை ஒலி, தினை குற்றும் மகளிர் பாடும் வள்ளைப் பாட்டு, குரவையாடுவோர் முழக்கம். இவற்றினிடையே வேறு சில ஒலிகளும் கேட்கின்றன. கைப்பிடி தவறிப் பெரும்பிளவில் வீழ்ந்த குட்டிக்காகக் கதறும் மந்தியின் குரல் ஒன்று. புலி பாய்ந்து மார்பு கிழிந்த கணவரின் புண் ஆற வேண்டிக் கொடிச்சியர் பாடும் பாட்டு மற்றொன்று.

மகிழ்ச்சி ஒலியையும் துயர ஒலியையும் ஒரே மூச்சில் தொகுத்து, இவை அனைத்தும் சேர்ந்ததே மலையின் குரல் என்று காட்டியது பெரும் புலமை. மலை, காண்போர்க்குக் காட்சி, வாழ்வோர்க்குப் பாடு. இவ்வுண்மையை அறிவுரையாகச் சொல்லாமல் ஓசையாகக் கேட்கச் செய்கிறார் பெருங்கௌசிகனார்.

அழகுக்கு அளவும் வைக்கிறார். சுனையில் பூத்த குவளையைத் தொட்டாலும், வரையரமகளிர் இருக்கையைக் கண்டாலும் உயிர் நடுங்கும்படி ஆகலாம். ஆதலின் அங்கே பல நாள் தங்காதீர் என்று கூத்தன் கூறுகிறான். பண்டையோர் நம்பிக்கையாக இதனைக் கொள்ளலாம். அயலார் மலையில் எல்லாவற்றையும் தொடவும் பறிக்கவும் தமக்கு உரிமையில்லை என்ற ஒழுக்கமாகவும் கொள்ளலாம். மலர்த்தோட்டத்தில் மலரைப் பறித்து, தேயிலைச் சரிவில் குப்பையை எறிந்து வரும் இற்றைச் சுற்றுலாக் கூட்டத்துக்கு இவ்வொழுக்கம் பழைமைப்பட்டுப் போகவில்லை.

வழியிற் காணும் மனிதர்

உணவுக்கும் உறையுளுக்கும் கூத்தன் காட்டும் இடம் மலைவாழ் மக்களின் வீடுகளே. வாயிலில் தயங்கி நில்லாது தம் வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து, உறவினர்போல் கலந்து பழகலாம். அவர்கள் இன்சொல் கூறி, நெய்யில் வெந்த ஊனோடு தினைச்சோறும் தருவர் என்கிறான். மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள் உண்டு. காட்டு நிலத்தில் கோவலர் பால் தருவர். இரவில் குகை கிடைத்தால் அதையே இல்லமாகக் கொண்டு உறங்கலாம்.

இவற்றினும் சிறந்த ஓரிடம் உண்டு. குறவரே திசை மயங்கும் குன்றில் வழி தவறினால் என்ன செய்வது? மேலும் நடவாதீர், அகன்ற பாறைமேல் ஒன்றுகூடி நின்று, உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள் என்கிறான் கூத்தன். அவ்விசை கேட்ட கானவர், யாரோ வழி தவறினர் என்று விரைந்து வந்து, பழமும் பூவும் தந்து வழிகாட்டுவர். கூத்தர்க்கு இசை பிழைப்புக்கான தொழில். அத்தொழிலே ஆபத்தில் அவர்களைக் காக்கும் குரலாகிறது. வழி தவறியவன் கண்டபடி ஓடாமல் இருந்த இடத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும் என்பதையே இன்றும் காடேறும் மாணவர்க்குச் சாரணர் பயிற்சியில் முதற்பாடமாகச் சொல்லித் தருகின்றனர்.

கிளைவழிகள் பிரியுமிடத்தில் போரில் வீழ்ந்த மறவர்க்கு நட்ட கற்கள் நிற்கும். அவற்றுக்கு இசையால் சிறப்புச் செய்து செல்லுக என்கிறான். பின்னர், நீங்கள் இந்நிலத்துக்குப் புதியவர். ஆகவே வழி கூடுமிடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். பின்வருவோர் திகையாதிருக்க இது வேண்டும். இவ்வொரு செய்தியில் ஆற்றுப்படை இலக்கியத்தின் முழுக் கருத்தும் அடங்கியிருக்கிறது. தான் சென்ற வழியைப் பிறர்க்குச் சொல்பவன் கூத்தன். அவன் சொற்கேட்டுச் செல்வோர், தமக்குப் பின்வருவோர்க்குப் புல்லால் வழி சொல்கின்றனர். வழி பெற்றவன் வழி தர வேண்டும் என்பதே ஆற்றுப்படையின் அறம்.

குறைகளும் உளவோ?

இப்பாட்டைக் குறையே அற்றதெனக் கூறுதல் திறனாய்வாகாது. மலைவாழ் மக்கள் அனைவரும் நன்னன்பால் செல்வோர் என்ற ஒரு காரணத்தாலேயே இனிது விருந்தோம்புவதாகப் பாட்டு அமைகிறது. அவர்கள் முகம் சுளிக்கும் ஒரு வீடும் இல்லை. பஞ்சத்தில் கொடுக்கவியலாத ஒரு குடியும் இல்லை. தலைவன் புகழுக்காக மக்களின் வறுமை மறைக்கப்பட்டதோ என்ற ஐயம் எழுகிறது. எனினும் புலிப்புண்ணுக்குப் பாடும் கொடிச்சியர் குரலைப் புலவர் மறைக்காது விட்டதால், அவ்வாழ்வின் துன்பம் அடியோடு மறைந்துவிடவில்லை.

மற்றொரு தடை பாட்டில் இல்லை, உரையில் உள்ளது. நச்சினார்க்கினியர் தொலைவில் நிற்கும் சொற்களை மாட்டென்னும் முறையால் கொண்டுகூட்டிப் பொருளுரைப்பார். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆகியவற்றின் ஆராய்ச்சிகளில் மறைமலையடிகள் இம்முறையை மறுத்துள்ளார். ஏனைய பாடல்களுக்கு எப்படியாயினும், வழிநூலாக விளங்கும் இப்பாட்டில் சொல்லின் வரிசையே நிலத்தின் வரிசை. மலைமேலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து சேயாற்றங்கரை வழியே மூதூர்க்கும் அடிகள் இறங்கி வருகின்றன. மாணவர் பாட்டு நடந்த வழியே நடந்து கற்பது நல்லது.

இற்றைப் பயணமும் எழுத்தும்

இருவர் கூடிச் செய்யும் பயணத்தை எழுதும் மரபு பிற்காலத்தும் தொடர்ந்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியைத் தொடர்ந்து சென்று, இருவருமாக எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. நண்பர் இருவர் ஒரே வழியை இருவர் கண்ணால் காண்பதே அத்தகைய பயணத்தின் பேறு. ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். ஒருவர் மிகைப்படுத்தியதை மற்றவர் திருத்துவார். கூத்தன் சொல்லிலும் இதன் வித்து உண்டு. அவன் தனியே செல்வானுக்கு வழி சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் காத்துச் செல்லும் கூட்டத்துக்கே சொல்கிறான்.

இனி, கேமரன் மலைக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை வளைவுகள் மிகுந்தது. அதில் முதன்முறை செல்லும் சிறுவர் பலர்க்குத் தலைசுற்றல் வரும். மழைக்காலத்தில் அம்மலைநாட்டில் மண்சரிவு புதிதன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்த சேற்றுவெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டத்தின் பசுமையை எல்லாரும் படம் பிடிக்கின்றனர். அம்மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய தமிழ்க் கைகளை எத்தனை மாணவர் தம் கட்டுரையில் எழுதுகின்றனர்? பச்சைப் பட்டாடை என்ற தொடர் அக்கைகளை மூடிவிடுகிறது. தம் பாட்டன் பாட்டியர் உழைத்த மலையைப் பற்றி எழுதும் பேரன், அவர்களைக் காணாமலே இறங்கி வருவது மொழிக்குறை மட்டுமன்று; நினைவுக்குறையும் ஆகும்.

ஆதலின், ஆசிரியர் இப்பாட்டைத் தேர்வுக்குரிய இலக்கியமாக மட்டும் கருதாமல், கட்டுரைப் பயிற்சிக்குரிய பாடமாகவும் கொள்ளலாம். சுற்றுலாவுக்கு முன்னர் மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, கூத்தன் வகுத்த தலைப்புகளின் கீழ்த் திட்டம் எழுதச் செய்யலாம். வழியில் கேட்ட ஓசைகளைக் குறிக்கச் சொல்லலாம். கண்ட மனிதர் எவர், அவர் செய்த தொழில் யாது என்று கேட்கலாம். திரும்பிய பின், இனி அங்குச் செல்லப் போகும் இளைய வகுப்பு மாணவனுக்கு வழி சொல்வதாகக் கட்டுரை எழுதச் சொல்லலாம். பிறர்க்குப் பயன்பட எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தால் வெற்றுத் தொடர்கள் தாமே உதிரும். வழுக்கும் இடத்தில் கதிரவனின் செங்கதிரால் ஒரு பயனும் இல்லை என்பது சிறுவனுக்கும் விளங்கும்.

நன்னனின் கோட்டை இன்றில்லை. அவன் தந்த பொன்னும் தேரும் யானையும் போன இடம் தெரியவில்லை. பின்வருவோர்க்காகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்ற சொல் மட்டும் இருக்கிறது. தமிழ் கற்பிப்போர் செய்யும் தொழிலும் அதுவே.